பேட்டரி ஏன் பாதியில் படுத்துக்கொள்கிறது?

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூச்சி, நோய், உரம் இவற்றுக்கு நடுவே இப்போது பேட்டரியும் வந்து உட்கார்ந்துகொண்டது. "பேட்டரி ஸ்பிரேயர் வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. ஐந்து டேங்க் அடிப்பதற்குள் மோட்டார் முனகுகிறது" என்று எழுதுகிறார் ஒருவர். "காட்டுப்பன்றி வராமல் இருக்க ராத்திரி முழுக்க வயலில் ரேடியோ பாடவைக்கிறேன். சார்ஜ் செய்யும் கட்டை போட்டால் நடுச்சாமத்தில் நின்றுவிடுகிறது" என்கிறார் இன்னொருவர். தலையில் மாட்டும் லைட், கைக்கடக்கமான எஃப்.எம். ரேடியோ, டார்ச் என்று மற்றவர்களுக்கும் இதே குறைதான்.

இதில் போவது பேட்டரிக் காசு மட்டும் அல்ல. மக்காச்சோளத்தில் படைப்புழு சின்னப் புழுவாக இருக்கும்போது மருந்து அடித்தால் கேட்கும். குருத்துக்குள் புகுந்து பெருத்துவிட்டால் அதே மருந்து பாதிகூட வேலை செய்யாது. காலை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, பாதி வயலில் பேட்டரி படுத்து மறுநாளுக்குத் தள்ளிப்போய், மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் நஷ்டம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரரையும் கம்பெனியையும் திட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரையில், கெட்டுப்போன பேட்டரிகளில் பெரும்பாலானவை உழைத்துத் தேய்ந்தவை அல்ல. சார்ஜ் செய்த விதத்திலும், சும்மா கிடந்த காலத்திலும் செத்தவை.

குறுகிய கால நெல்லுக்கும் நீண்ட கால நெல்லுக்கும் நாம் ஒரே உர அட்டவணை போடுவதில்லை. பேட்டரியிலோ எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கத்தைப் போடுகிறோம். நம் வீட்டில் புழங்குவது மூன்று ரகம். ஸ்பிரேயரில் இருக்கும் கனமான கறுப்புப் பெட்டி ஈய-அமில பேட்டரி. ரேடியோவிலும் டார்ச்சிலும் போடும் சார்ஜ் செய்யக்கூடிய கட்டைகள் நிக்கல் ரகம். செல்போன், தலை லைட், புது மாடல் எஃப்.எம். ரேடியோ, சில புதிய ஸ்பிரேயர்கள் ஆகியவற்றில் இருப்பது லித்தியம். ஒன்றுக்கு மருந்தான பழக்கம் இன்னொன்றுக்கு விஷம்.

ஸ்பிரேயர் பேட்டரி: பசியோடு தூங்கவிடாதீர்கள்

பெரும்பாலான ஸ்பிரேயர்களில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். 8 ஆம்பியர்-மணி என்றால் மணிக்கு 8 ஆம்பியர் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ரக பேட்டரியில் அந்தக் கணக்கு 20 மணி நேரத்துக்குப் போட்டது. 0.4 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் வரும் என்பதே பொருள். ஸ்பிரேயர் மோட்டார் 2 முதல் 3 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு வேகமாக எடுக்கும்போது மொத்தக் கொள்ளளவும் சுருங்கும். புதிய பேட்டரியிலேயே இரண்டரை மணி நேரம் ஓடினால் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் உள்ளன. மின்சாரம் இறங்க இறங்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அந்தப் படிவு கரைந்து பழையபடி ஆகிவிடும். இறங்கிய நிலையிலேயே ஒரு வாரம், ஒரு மாதம் என்று விட்டுவைத்தால் மெல்லிய படிவு கெட்டியான உப்பாக இறுகும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் அது திரும்பக் கரையாது. தகட்டில் அந்த அளவு இடம் வேலை செய்யாமல் போய்விடும். மண்ணில் களர் பூத்த இடம் மாதிரி என்று சொன்னால் சட்டென்று புரியும்.

மருந்து அடித்துவிட்டு வந்து, கைகால் கழுவி, ஸ்பிரேயரை மூலையில் சாய்த்துவிட்டு, "அடுத்த தடவை அடிக்கும் முன்னால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்" என்று விடுவதுதான் நம் ஊர் வழக்கம். பேட்டரியைக் கொல்வது இந்த ஒரு வாக்கியம்தான். இரண்டே டேங்க் அடித்திருந்தாலும் சரி, அன்று ராத்திரியே சார்ஜில் போட வேண்டும். முழுக்க இறங்கிய பிறகு சார்ஜ் போட்டால்தான் ஆயுள் நீடிக்கும் என்று சிலர் சொல்வது இந்த ரகத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு முறையும் அடிமட்டம் வரை இறக்கினால் 200 முறை தாங்கும் பேட்டரி, பாதியோடு நிறுத்தி ஏற்றினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். மோட்டாரின் சத்தம் மாறி, நாசிலில் விசிறி சுருங்க ஆரம்பித்தவுடன் நிறுத்திவிடுங்கள். "இந்த ஒரு டேங்க் மட்டும்" என்று இழுப்பதுதான் கடைசி உயிரையும் எடுக்கிறது.

எவ்வளவு நேரம் சார்ஜ் போடுவது? சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். 1.7 ஆம்பியர் என்று இருந்தால், 8-ஐ 1.7-ஆல் வகுக்க ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கடைசிப் பங்கு மெதுவாகத்தான் ஏறும் என்பதால், முழுக்க இறங்கிய பேட்டரிக்கு ஆறேழு மணி நேரம் வையுங்கள். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியவுடன் பிடுங்கிவிடாமல் இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. நல்ல சார்ஜர் நிறைந்தவுடன் தானாகவே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்துக்கொள்ளாத, விளக்கே இல்லாத மலிவு சார்ஜரை இரண்டு நாள் செருகி மறந்தால், உள்ளே இருக்கும் ஈரம் வற்றிவிடும். மூடிய பேட்டரி என்பதால் தண்ணீர் ஊற்றவும் வழியில்லை.

பருவம் முடிந்து ஸ்பிரேயரைக் கட்டி வைக்கும்போது முழுக்க சார்ஜ் ஏற்றி, பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை, அமாவாசையோ சம்பள நாளோ, நினைவில் நிற்கும் ஒரு நாளில் சார்ஜ் போடுங்கள். சும்மா இருக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 25 டிகிரியில் மாதத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் இரண்டு மடங்கு. தகரக் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் கிடக்கும் பேட்டரியின் கதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் தரையில், குழந்தைகள் கைக்கு எட்டாத நிழலில் இருக்கட்டும். ஆனால் மருந்து நனைந்த ஸ்பிரேயரோடு வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். டேங்கைக் கழுவும் முன் பேட்டரியைத் தனியே எடுத்துவிடுவது இரண்டு வகையிலும் நல்லது.

ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றி, பிடுங்கி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள். 12.8 முதல் 13 வோல்ட் வரை காட்டினால் நன்றாக நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே இருந்தால் ஏறவில்லை, தளர்ந்துவிட்டது. 11-க்குக் கீழே காட்டினால் உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு அறைக்கு 2 வோல்ட் என்பதால் அப்படித் தெரியும். அதற்குப் பிறகு அந்த பேட்டரிக்குச் செலவு செய்வது வீண்.

ரேடியோ, டார்ச் கட்டைகள்: ஜோடி மாற்றாதீர்கள்

ஏ.டி.டி. 27 ரகத்தைத் தஞ்சைப் பக்கத்தில் 'ரேடியோ நெல்' என்றே சொன்ன காலம் ஒன்று உண்டு. வானொலி கேட்டு விதைத்த நெல் அது. அன்றைக்கு ரேடியோவுக்குப் போட்டது தூக்கிப்போடும் கட்டை. இறங்கிய கட்டையை வெயிலில் காயவைத்து இன்னொரு ராத்திரி ஓட்டுவோம். சூட்டில் உள்ளே ரசாயன வேலை கொஞ்சம் வேகம் பிடிக்கும். அந்த அளவில் அது உண்மைதான். ஆனால் துத்தநாகக் கூடு ஏற்கனவே அரித்துப்போயிருக்கும். ரேடியோவுக்குள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அந்தக் கட்டையின் கரியை ஊமத்தை இலையோடு அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய தலைமுறைக்கு, கட்டை என்றாலே தீர்ந்ததும் தூக்கிப்போடும் சாமான்தான். சார்ஜ் செய்யும் கட்டை அப்படி அல்ல. வளர்க்க வேண்டிய சாமான்.

இந்தக் கட்டைகளில் இப்போது வருவது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. சாதாரணக் கட்டை 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட். அதனால் சில ரேடியோக்களில் முழு சார்ஜ் இருக்கும்போதே பேட்டரி குறைவு என்று காட்டும். பயப்பட வேண்டாம். சில ரேடியோக்களில் எந்தக் கட்டை போட்டிருக்கிறது என்று சொல்ல ஒரு ஸ்விட்ச் அல்லது மெனு இருக்கும். அதைச் சரியாக வைத்தால் போதும். இந்தக் கட்டை கடைசிவரை வோல்டேஜை விடாமல் பிடித்து, பிறகு திடீரென்று விழும். சாதாரணக் கட்டை போலப் பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து முன்னறிவிப்புக் கொடுக்காது.

முதல் விதி ஜோடி. இளைத்த மாட்டையும் கொழுத்த மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால் இளைத்தது விழும். நாலு கட்டை போடும் ரேடியோவில் மூன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால், பழையது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் நிற்காமல் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாக சார்ஜ் செய்துவிடும். அதோடு அது முடிந்தது. ஆகவே ஒரே நாளில் வாங்கிய, ஒரே கம்பெனியின், ஒரே மில்லி ஆம்பியர்-மணி எழுதிய நாலு கட்டைகளுக்கு மார்க்கர் பேனாவால் ஒரே அடையாளம் போடுங்கள். அந்த நாலும் ஒன்றாகவே ஓடட்டும், ஒன்றாகவே சார்ஜ் ஆகட்டும். டார்ச்சுக்கு அவசரம் என்று அதிலிருந்து இரண்டை உருவுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. டார்ச்சுக்கு வேறு ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.

பன்றிக் காவல் ரேடியோ எழுதியவருக்கு ஒரு கணக்கு. உங்கள் ரேடியோ 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ராத்திரி 9 மணி முதல் காலை 5 மணி வரை 8 மணி நேரத்துக்கு 800 மில்லி ஆம்பியர்-மணி செலவு. 2,000 எழுதிய நல்ல கட்டை முழுக்க நிறைந்திருந்தால் இரண்டு ராத்திரி தாங்க வேண்டும். நடுச்சாமத்தில் நிற்கிறது என்றால் மூன்றில் ஒன்று: சத்தத்தை முழுக்க வைத்திருக்கிறீர்கள், கட்டையில் எழுதியிருப்பது பொய், அல்லது அது நிறையவே இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்டேஷன் தேடும் ஸ்கேன் பட்டனை அழுத்திவிட்டு வந்துவிட்டால், ரேடியோ விடிய விடியத் தேடிக்கொண்டே கட்டையைத் தின்னும். பாட்டும் வராது, பன்றியும் போகாது. கிளம்பும் முன் ஒரு நிலையத்தில் நிறுத்திவிட்டு வாருங்கள்.

நிறையவே இல்லை என்பதுதான் அதிகம் நடப்பது. சாதாரண சார்ஜர் 200 மில்லி ஆம்பியர் கொடுத்தால், 2,000 கட்டைக்கு 10 மணி நேரம் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஏற்றும்போது ஒரு பங்கு சூடாக வீணாகும். அதனால் 14 முதல் 16 மணி நேரம் தேவை. நாலு மணி நேரத்தில் எடுத்துவிட்டுக் கட்டையைக் குறை சொல்லக்கூடாது. ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே பார்த்துத் தானாக நிறுத்தும் சார்ஜர் கொஞ்சம் விலை கூடுதல்தான். கட்டையில் சிக்கனம் பார்த்தாலும் பார்க்கலாம், சார்ஜரில் பார்க்காதீர்கள் என்பது என் கருத்து. ஏறி முடியும் தறுவாயில் கட்டை வெதுவெதுப்பாவது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே பிடுங்குங்கள்.

புதிதாக வாங்கிய கட்டை முதல் மூன்று, நாலு முறை ஏற்றி இறக்கிய பிறகுதான் முழு பலத்துக்கு வரும். பழைய மாதிரி நிக்கல் கட்டைகள் சும்மா வைத்தாலே மாதத்தில் கால் பங்கு வரை இறங்கிவிடும். 2005-க்குப் பிறகு, சார்ஜ் எளிதில் இறங்காத ரகம் வந்தது. வாங்கும்போதே சார்ஜ் ஏற்றப்பட்டது என்று அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த ரகம். வருஷத்தில் சில நாள் மட்டுமே எடுக்கும் டார்ச்சுக்கு அதைத்தான் வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில ரேடியோக்களில் அடாப்டரைச் செருகினால் உள்ளே இருக்கும் கட்டைக்கும் சார்ஜ் ஏறும். அதில் தவறுதலாகத் தூக்கிப்போடும் சாதாரணக் கட்டையோ ஆல்கலைன் கட்டையோ இருந்தால் கசியும், வெடிக்கவும் கூடும். அடாப்டர் செருகும் முன் பின்மூடியைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

லித்தியம்: இங்கே சட்டம் தலைகீழ்

ஸ்பிரேயரின் ஈய பேட்டரி எப்போதும் வயிறு நிறைந்திருக்க விரும்பும். லித்தியம் சும்மா இருக்கும் காலத்தில் அரை வயிறோடு இருக்க விரும்பும். சில மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுக்க ஏற்றி வெயில் படும் இடத்தில் வைத்தால் சீக்கிரம் கிழடு தட்டும். முழுக்கக் காலி செய்து மாதக்கணக்கில் விட்டால் மறுபடி ஏறாமலே போகும். அன்றாடம் பயன்படுத்தும்போது அடிமட்டம் வரை இறக்காமல் இடையிடையே ஏற்றிக்கொள்ளலாம்.

தலை லைட்டில் வரும் பேட்டரியை 18650 என்பார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். இந்த அளவில் நல்ல பேட்டரியே 3,500 மில்லி ஆம்பியர்-மணியைச் சுற்றித்தான் தரும். சந்தையில் 9,900 என்று அச்சடித்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு படி நெல்லில் மூன்று படி அரிசி என்று சொல்வது போன்ற கதை அது. வாங்காதீர்கள்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. உப்பிய லித்தியம் பேட்டரியை அமுக்கவோ, ஊசியால் குத்திக் காற்று எடுக்கவோ கூடாது. தீப்பிடிக்கும். வைக்கோல் அடுக்கிய கொட்டகையிலும், பாய் தலையணை மேலும் சார்ஜ் போடக்கூடாது. சிமெண்ட் தரையில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வெயிலில் கிடந்து கொதித்த பேட்டரியை ஆறவிட்டுப் பிறகு செருகுங்கள்.

சார்ஜரை மாற்றிப் போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஈய பேட்டரி ஸ்பிரேயரின் சார்ஜர் 14.4 வோல்ட் அளவுக்குப் போகும். மூன்று லித்தியம் செல் கோத்த 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும். இரண்டின் பின்னும் ஒரே மாதிரி இருப்பதால் கச்சிதமாகப் பொருந்தும். லித்தியத்துக்கு ஈயத்தின் சார்ஜரைப் போட்டால் உள்ளே இருக்கும் சிறு பாதுகாப்பு அட்டையை நம்பித்தான் உங்கள் வீடு இருக்கும். ஈயத்துக்கு லித்தியம் சார்ஜரைப் போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் ஒருநாளும் நிறையாமல் உப்புப் பூத்துச் சாகும். வீட்டில் இரண்டும் இருந்தால், சார்ஜருக்கும் அதன் ஸ்பிரேயருக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட் தொட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரும் தப்பாமல் எடுப்பார்.

இனி வந்த கேள்விகளில் சில.

"செத்த பேட்டரிகளை எருக்குழியில் போடலாமா? மக்கிவிடுமா?"

மக்காது, ஐயா. கூடு அரித்து உள்ளே இருப்பது எருவில் கலக்கும். ஈயமும், பழைய நிக்கல்-காட்மியம் கட்டையில் இருக்கும் காட்மியமும் மண்ணில் சேர்ந்தால் போகவே போகாது. காட்மியத்தைக் கீரையும் நெல்லும் எளிதில் இழுத்துக்கொள்ளும். எரிப்பதும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்க வேண்டிய பொறுப்பு தயாரிப்பவர்களுடையது. ஸ்பிரேயர் பேட்டரியை உடைக்காமல் முழுசாகக் கடையில் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஈயத்துக்காகப் புதிய பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள். சின்னக் கட்டைகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, டவுனுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளும் கடையில் போடுங்கள். லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிப் போடுங்கள்.

"பேட்டரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது. பேட்டரி போய்விட்டதா?"

போகவில்லை. மின்சாரம் போகும் வழி அடைபட்டிருக்கிறது. ஒயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரை பழைய பல் துலக்கும் பிரஷில் தொட்டுத் தேயுங்கள். துணியால் துடைத்துக் காயவிட்டு, வாசலின் தடவி இறுக்குங்கள். பொடி கண்ணில் படக்கூடாது. பலருடைய மோட்டார் முனகலுக்கு இதுவே காரணமாக இருக்கிறது. புதிய பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

"கடையில் இரண்டு வருஷமாக அட்டைப்பெட்டியிலேயே இருந்த புதிய ஸ்பிரேயர் பேட்டரியைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். உழைக்காவிட்டாலும் இரண்டு வருஷம் பட்டினி கிடந்திருக்கிறது. தயாரித்த மாதம் பெட்டியிலோ பேட்டரியிலோ அச்சடித்திருக்கும். ஆறு மாதத்துக்குள் இருப்பதைக் கேளுங்கள். கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லிப் பாருங்கள். 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கிவந்த அன்றே முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு, பில்லையும் கையெழுத்துப் போட்ட வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.